அடுத்த ஃபார் க்ரை எந்த வழியில் போக வேண்டும்?

ஃபார் க்ரை என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம் தொடரின் ஆறாம் பாகம் 2021 அக்டோபரில் வெளிவந்தது. மூன்றாம் பாகம் 2012, நான்காம் பாகம் 2014, பிரைமல் 2016, ஐந்தாம் பாகம் 2018, நியூ டான் 2019 என்று ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை புதிய கேம் வந்துகொண்டிருந்த தொடருக்கு, ஆறாம் பாகத்துக்குப் பிந்தைய இந்த இடைவெளி மிக நீண்டது. இதற்கிடையில் 2025-இல் யூபிசாஃப்ட் நிறுவனம் அசாசின்ஸ் க்ரீட், ரெயின்போ சிக்ஸ் ஆகியவற்றோடு ஃபார் க்ரையையும் வான்டேஜ் ஸ்டுடியோஸ் என்ற துணை நிறுவனத்தின் பொறுப்பில் கொண்டுவந்தது. டென்சென்ட் நிறுவனம் அதில் 116 கோடி யூரோ முதலீடு செய்து ஏறத்தாழ கால் பங்கைப் பெற்றது. இவ்வளவு பணம் போட்டவர்கள் தொடரைக் கிடப்பில் போடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே அடுத்த பாகம் வருமா என்பதைவிட, அது எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதே இப்போது பேச வேண்டிய விஷயம். அதில்தான் ரசிகர்களிடையே கருத்து ஒற்றுமை இல்லை.

ஒரு சாரார் மூன்றாம் பாகம் வகுத்துக் கொடுத்த பாணியே போதும், வலுவான வில்லன் ஒருவர் கிடைத்தால் மற்றவை தானாக அமையும் என்கிறார்கள். வேறு சிலர் 2008-இல் வந்த இரண்டாம் பாகத்தின் கடுமையை மீட்டெடுக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டுவருகிறார்கள். நியூ டானும் ஆறாம் பாகமும் எடுத்த ஆர்பிஜி (ரோல்-பிளேயிங் கேம்) திசையில், அதாவது லெவல், அணியும் கியர், கவசம், வகைவகையான தோட்டா என்ற திசையில், இன்னும் ஆழமாகப் போகலாம் என்போரும் உண்டு. பலர் இணையம் வழியாகச் சேர்ந்து ஆடும் மல்ட்டிபிளேயர் நான்காவது வழி. அதை விரும்பிக் கேட்பவர்களைவிட, நிறுவனம் அந்தப் பக்கம் போய்விடுமோ என்று கவலைப்படுபவர்களே அதிகம்.

இவற்றை ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் தேவை. எனக்குத் தெரிந்தவரை ஃபார் க்ரையின் உயிர் அதன் கதையிலோ நிலப்பரப்பின் அழகிலோ இல்லை. எதிரி முகாம் ஒன்றை எட்ட நின்று நோட்டமிட்டு, திட்டம் போட்டு, இறங்கி, அந்தத் திட்டம் பாதியில் குலைந்த பிறகு கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் இருக்கிறது. 2004-இல் கிரைடெக் உருவாக்கிய முதல் பாகத்திலேயே இதற்கான வித்து இருந்தது. ஒரு தீவு, ஒரு பைனாகுலர், தொலைவில் நடமாடும் கூலிப்படையினர். கடல் வழியாகப் போவதா, புதர் வழியாகப் போவதா என்பது ஆட்டக்காரரின் விருப்பம். நேர்க்கோட்டு ஷூட்டர்கள் நிறைந்திருந்த காலத்தில் அது பெரிய விடுதலையாக இருந்தது.

மூன்றாம் பாகம் அந்த அனுபவத்தை அவுட்போஸ்ட் என்ற கச்சிதமான வடிவத்துக்குள் கொண்டுவந்தது. ரூக் தீவுகளில் ஒரு முகாமை எடுத்துக்கொள்வோம். மேட்டில் படுத்துக்கொண்டு கேமரா வழியாகக் காவலர்களை ஒவ்வொருவராக டேக் செய்கிறோம், அதாவது குறியிட்டு வைக்கிறோம். கூண்டுக்குள் ஒரு புலி உலாத்துவது தெரிகிறது. அலாரப் பெட்டிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்துக்கொள்கிறோம். ஒன்றைச் சுட்டு உடைத்தால் அது மட்டும் செயலிழக்கும், அருகில் போய்க் கையால் அணைத்தால் எல்லாமே அணையும் என்பதால், சுடுவதா ஊர்ந்து போவதா என்ற கேள்வி எழுகிறது. கடைசியில் சைலன்சர் பொருத்திய துப்பாக்கியால் கூண்டைச் சுட்டுத் திறந்துவிடுகிறோம். புலி வெளியே வந்து இருவரைக் கடித்துக் குதறுகிறது. மூன்றாவது ஆள் அலாரத்தை நோக்கி ஓடுகிறான். அவனைக் குறிபார்க்கும் நேரத்தில் புலி நம் பக்கம் திரும்புகிறது. இந்தக் காட்சியை யாரும் முன்கூட்டியே எழுதி வைக்கவில்லை. விதிகள் ஒன்றோடொன்று மோதியதால் தானாக உருவானது. இத்தகைய தருணங்களுக்கு எந்த வழி அதிகம் இடம் கொடுக்கிறது என்பதே என் அளவுகோல்.

முதலில் வில்லனை மையமாகக் கொண்ட வழி. மூன்றாம் பாகத்தில் மைக்கேல் மாண்டோ நடித்த வாஸ் என்ற வில்லன் பாத்திரம் இத்தொடரின் தலையெழுத்தையே மாற்றியது என்பதை யாரும் மறுக்க முடியாது. அதற்குப் பிறகு பேகன் மின், ஜோசப் சீட், ஆண்டன் காஸ்டியோ என்று ஒவ்வொரு முதன்மைப் பாகத்தின் அட்டைப்படத்திலும் வில்லனே வீற்றிருந்தார். ஆறாம் பாகத்துக்கு ஜியான்கார்லோ எஸ்போசிட்டோ என்ற பெரும் நடிகரையே அழைத்து வந்தார்கள். ஆனால் விளம்பரத்துக்குப் பொருந்துகிற ஒன்று ஆட்டத்துக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. வாஸ் திரையில் தோன்றும் நேரம் உண்மையில் குறைவு. கதையின் நடுவிலேயே அவர் கொல்லப்படுகிறார், அதன் பிறகு வில்லனாக வரும் ஹோய்ட்டைப் பலருக்கு நினைவில்கூட இல்லை. அப்படியிருந்தும் வாஸ் மனத்தில் நின்றதற்குக் காரணம் அவர் எப்போது வருவார் என்று தெரியாத அச்சம். பின்வந்த பாகங்கள் அந்த அச்சத்தை விட்டுவிட்டு, வில்லன் பேசும் நீண்ட வசனங்களை மட்டும் எடுத்துக்கொண்டன.

இதன் விளைவு ஐந்தாம் பாகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அந்தக் கதை நடக்கும் ஹோப் கவுண்டியில் நீங்கள் எதைச் செய்தாலும் எதிர்ப்புப் புள்ளிகள் சேரும். ஒரு குறிப்பிட்ட அளவை எட்டியதும் சீட் குடும்பத்தாரின் ஆட்கள் உங்களைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். நீங்கள் மலையுச்சியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தாலும் ஹெலிகாப்டரில் பறந்துகொண்டிருந்தாலும் தப்ப முடியாது. கட்டிப்போடப்பட்ட நிலையில் ஒரு பிரசங்கத்தைக் கேட்டுவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். எங்கு வேண்டுமானாலும் போ என்று சொன்ன விளையாட்டு, வில்லனை நம் கண்முன் நிறுத்துவதற்காக அந்த வாக்கையே மீறுகிறது. ரசிகர்கள் இதைப் பற்றிக் குமுறியதில் எனக்குச் சிறிதும் வியப்பில்லை. ஆறாம் பாகம் அந்தத் தவற்றைத் திருத்தியது. ஆனால் காஸ்டியோ பெரும்பாலும் நாம் இல்லாத காட்சிகளில் தம் மகனோடு பேசிக்கொண்டிருந்தார். நாம் அழித்த முகாம்களுக்கும் அவர் எடுத்த முடிவுகளுக்கும் இடையே தொடர்பே தெரியவில்லை.

இதற்கு விதிவிலக்காக நான் மதிப்பது பேகன் மின்னைத்தான். நான்காம் பாகத்தின் தொடக்கத்தில் அவர் நம்மை உணவு மேசையில் உட்கார வைத்துவிட்டு, வரும்வரை காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போகிறார். எல்லோரும் எழுந்து ஓடுகிறோம். ஓடுவதுதான் விளையாட்டு என்று பழகியிருக்கிறோம். ஓடாமல் கால் மணி நேரம் அளவுக்கு அப்படியே உட்கார்ந்திருந்தால் அவர் சொன்னபடியே திரும்பி வருகிறார், நாம் எதற்காக அந்த நாட்டுக்கு வந்தோமோ அந்தக் காரியத்தை முடித்துக் கொடுக்கிறார், கதையும் முடிந்துவிடுகிறது. வில்லன் என்றால் இப்படி இருக்க வேண்டும்: ஆட்டக்காரரின் செயலுக்கோ செயலின்மைக்கோ பதில் சொல்பவராக. ஐந்தாம், ஆறாம் பாகங்களும் ரகசிய முடிவுகளை வைத்தன. ஆனால் அவை நான்காம் பாகம் செய்ததைத் திரும்பச் செய்தவை மட்டுமே.

இதே பாணியின் இன்னொரு பகுதியான ரேடியோ டவர்களைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. கோபுரத்தில் ஏறினால் வரைபடம் திறக்கும் என்ற முறையை ஐந்தாம் பாகமே கைவிட்டது, திரையின் மூலையில் தெரியும் சிறு வரைபடமான மினிமேப்பையும் நீக்கியது. வழிப்பலகைகளைப் பார்த்தும் ஆட்களிடம் பேசியும் இடங்களைத் தெரிந்துகொள்ளச் செய்தது அந்தப் பாகத்தின் மிகச் சிறந்த முடிவு. அதிலிருந்து பின்வாங்க வேண்டாம்.

இரண்டாம் பாகம் அப்படி எளிதில் கடந்து போகக்கூடியது அல்ல. கிளின்ட் ஹாக்கிங் படைப்பு இயக்குநராக இருந்து, யூபிசாஃப்ட் மான்ட்ரியல் ஸ்டுடியோ டூனியா எஞ்சினில் உருவாக்கிய அந்த விளையாட்டு, உள்நாட்டுப் போரில் சிக்கிய பெயரிடப்படாத ஆப்பிரிக்க நாடொன்றில் நடக்கிறது. ஜாக்கல் என்ற ஆயுத வியாபாரியைக் கொல்ல வந்த நாம் முதல் நாளே மலேரியாவில் விழுகிறோம். அங்கிருந்து அந்த நாடு நம்மை ஒரு கணமும் நிம்மதியாக விடுவதில்லை. திரையில் மினிமேப் கிடையாது. காகித வரைபடத்தைக் கையில் விரித்துப் பார்க்க வேண்டும், வண்டி ஓட்டும்போது பார்த்தாலும் வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். எதிரியிடமிருந்து எடுத்த துப்பாக்கி அழுக்கேறி, சண்டையின் நடுவில் சிக்கிக்கொள்ளும். காயம்பட்டால் இடுக்கியால் தோட்டாவைப் பிடுங்கி எடுக்கும் வரை காத்திருக்க வேண்டும். ஜீப் புகையத் தொடங்கினால் இறங்கி பானெட்டைத் திறந்து சரி செய்ய வேண்டும்.

இவற்றை வெறும் தொல்லைகளின் பட்டியலாகப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். இவை ஒவ்வொன்றும் திட்டத்தைக் குலைப்பதற்காகவே வைக்கப்பட்டவை. காய்ந்த புல்வெளியில் ஒரு முகாம். காற்று அதை நோக்கி வீசுகிறது. ஒரு மோலடோவ் தீக்குண்டை வீசினால் தீ தானாகவே போய்ச் சேர்ந்துவிடும் என்று கணக்குப் போடுகிறோம். தீ பரவுகிறது, எதிரிகள் சிதறி ஓடுகிறார்கள், ஒரு எரிபொருள் தொட்டி வெடிக்கிறது. அந்த வெடிப்பில் நமக்குப் பின்னால் இருக்கும் புல்லும் பற்றிக்கொள்கிறது. பின்வாங்க வழியில்லை, முன்னால் ஓடுகிறோம், துப்பாக்கி சிக்கிக்கொள்கிறது, விழுகிறோம். அப்போது நாம் முன்பு காப்பாற்றிய நண்பன் வந்து நம்மை இழுத்துத் தூக்கிவிட்டு, கையில் ஒரு பிஸ்டலைக் கொடுக்கிறான். அதே சண்டையில் அவன் அடிபட்டு விழுந்தால், நம்மிடம் இருக்கும் ஊசி மருந்தை அவனுக்குச் செலவழிப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அவன் செத்துப்போனால் செத்ததுதான், மீண்டு வரமாட்டான். மூன்றாம் பாகத்தின் புலி தரும் குதூகலத்தைவிட இது ஆழமானது, ஏனென்றால் இங்கே தோல்விக்கு விலை உண்டு.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சாலைச் சந்திகளில் இருக்கும் காவல் சாவடிகளை நாம் ஒழித்துவிட்டுச் சற்றுத் தொலைவு போய்த் திரும்பினால், மறுபடி ஆட்கள் நிற்பார்கள். ஒரு மிஷனுக்குப் போகும் வழியில் மூன்று சண்டை, திரும்பும் வழியில் அதே மூன்று சண்டை. இரண்டு தரப்பில் யாருக்காக வேலை செய்தாலும் இரண்டு தரப்பினரும் நம்மைச் சுடுவார்கள். அடர்ந்த செடிகளுக்குப் பின்னால் பதுங்கியிருந்தாலும் தொலைவிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் மறைந்திருந்து தாக்கும் ஸ்டெல்த் பெயருக்குத்தான் இருந்தது. மிஷன்களும் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்தவை. இரண்டாம் பாகத்தை அப்படியே திரும்பக் கொடுங்கள் என்று கேட்பவர்கள் இந்தச் சலிப்பை மறந்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். மீட்க வேண்டியது அதன் விதிகளை. அதன் மிஷன் அமைப்பை அல்ல.

இவ்வளவு கடுமையை இன்றைய ஆட்டக்காரர்கள் ஏற்பார்களா என்ற கேள்வி நியாயமானது. 2008-இல் பலர் ஏற்கவில்லை. ஆனால் அதன் பிறகு நிலைமை மாறிவிட்டது. 2017-இல் வந்த தி லெஜண்ட் ஆஃப் ஜெல்டா: பிரெத் ஆஃப் தி வைல்டில் ஆயுதங்கள் ஓயாமல் உடைகின்றன, மழையில் பாறை ஏறினால் வழுக்குகிறது, அது உலகெங்கும் கொண்டாடப்பட்டது. ஸ்டாக்கர் 2 கேமில் துப்பாக்கி தேய்கிறது, சிக்குகிறது, சுமை அழுத்துகிறது, பசிக்கிறது. 2024 நவம்பரில் வெளிவந்த இரண்டே நாளில் 10 லட்சம் பிரதிகள் விற்றன. ஃபார் க்ரை தொடருக்குள்ளேயே சான்று இருக்கிறது. பிரைமல் வெளிவந்த சில வாரங்களிலேயே, 2016 ஏப்ரலில், சர்வைவர் மோட் என்ற கடினமான முறையை இலவச அப்டேட்டாகச் சேர்த்தார்கள். களைப்பும் குளிரும் முக்கியமான அந்த முறையில், பிரைமல் நடக்கும் ஓரோஸ் பள்ளத்தாக்கு முற்றிலும் வேறோர் இடமாக மாறியது. முன்பு தேவைப்படும்போது மூட்டிய நெருப்பை இப்போது இருட்டும் முன்பே தேட வேண்டியிருந்தது. விதிகளை மாற்றினாலே உலகம் புதிதாகும் என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டாம்.

ஆர்பிஜி வழிக்கு வருவோம். நியூ டானில் எதிரிகளுக்குத் தர வரிசை வந்தது; உயர்ந்த தரத்து எதிரியைத் தாழ்ந்த தரத்துத் துப்பாக்கியால் தலையில் சுட்டாலும் அவன் சாவதில்லை. ஆறாம் பாகத்தில் பகுதிகளுக்கு நிலைகள், உடலின் ஒவ்வொரு பாகத்துக்கும் கியர், முதுகில் சுப்ரீமோ என்ற சிறப்பு ஆயுதம், கவசத்தைத் துளைக்க ஒரு தோட்டா, கவசமில்லாத உடலுக்கு இன்னொன்று என்று விரிந்தது. இதன் ஆதரவாளர்கள் சொல்லும் வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு: முன்பெல்லாம் நல்ல ஸ்னைப்பர் ஒன்று கிடைத்துவிட்டால் முழு விளையாட்டையும் அதை வைத்தே ஓட்டிவிடலாம், தோட்டா வகைகள் அந்தச் சோம்பலைக் கலைக்க முயன்றன. ஆனால் நடந்ததோ வேறு. கவசம் துளைக்கும் தோட்டா பூட்டிய துப்பாக்கி ஒன்று கைக்கு வந்ததும், தலையில் சுட்டால் எல்லோரும் விழுந்துவிடுகிறார்கள் என்று ஆட்டக்காரர்கள் கண்டுகொண்டார்கள். மீதி வகைகள் ஆயுதங்களை மாற்றியமைக்கும் ஒர்க்பெஞ்சிலேயே தங்கிவிட்டன.

அதைவிட முக்கியமான சிக்கல் ஒன்று இருக்கிறது. முகாமை நோட்டமிடும்போது நாம் படிக்க வேண்டியது காற்றின் திசை, காவலர்களின் நடமாட்டம், கூண்டில் இருக்கும் விலங்கு. லெவல் எண் வந்துவிட்டால், கண் அந்த எண்ணுக்குத்தான் முதலில் போகிறது. நம்மைவிட உயர்ந்த எண் என்றால் எவ்வளவு புத்திசாலித்தனமான திட்டமும் பயன்படாது. தாழ்ந்த எண் என்றால் திட்டமே தேவையில்லை. முடிவு மோதலுக்கு முன்பே, மெனுவுக்குள்ளேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. என் அளவுகோலின்படி நான்கு வழிகளில் இத்தொடரின் உயிரை நேரடியாகத் தாக்குவது இதுதான். அதனால் இந்த வழி வேண்டாம் என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

ஆனாலும் ஆறாம் பாகத்தில் காப்பாற்ற வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. கியர் மீதான கோபத்தில் அவற்றையும் சேர்த்துத் தூக்கியெறிந்துவிடக் கூடாது. ஒன்று, துப்பாக்கியை உள்ளே வைத்துக்கொண்டால் சாதாரணக் குடிமகனைப் போல் படையினர் கண்முன்னே நடந்து போகலாம் என்ற வசதி. முகாமின் வேலியருகே வரை வெறுங்கையோடு நடந்துபோய் உளவு பார்ப்பது இத்தொடருக்கு மிகப் பொருத்தமானது, ஆனால் பாதியிலேயே நின்றுபோன யோசனை. இரண்டு, விமான எதிர்ப்புப் பீரங்கிகள். அவற்றை அழிக்கும் வரை அந்தப் பகுதியின் வானம் நமக்குச் சொந்தமில்லை. ஐந்தாம் பாகத்தில் ஹெலிகாப்டர் கிடைத்த பிறகு நிலமே தேவையற்றதாகிவிட்டது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தக் கட்டுப்பாடு எவ்வளவு நல்லது என்று புரியும்.

மல்ட்டிபிளேயர் வழியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பொருள்களைச் சேகரித்துக்கொண்டு உயிரோடு வெளியேற வேண்டிய எக்ஸ்ட்ராக்ஷன் வகை ஃபார் க்ரை ஒன்று உருவாகிறது என்ற செய்திகள் சில ஆண்டுகளாகவே கேமிங் ஊடகங்களில் வந்துகொண்டிருக்கின்றன. எஸ்கேப் ஃப்ரம் டார்கோவ் தொடங்கி 2025-இல் வெளிவந்த ஆர்க் ரைடர்ஸ் வரை அந்த வகைக்குப் பெரிய ரசிகர் கூட்டம் இருப்பது உண்மைதான். கிளை முயற்சியாக வந்தால் எதிர்ப்பதற்கு எதுவும் இல்லை. முதன்மைப் பாகமே அப்படி ஆகிவிடக் கூடாது என்பதற்குக் காரணம் எளிது: மற்ற ஆட்டக்காரர்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்ற இடத்தில், மேட்டில் படுத்துக்கொண்டு பத்து நிமிடம் ஒரு முகாமைப் படிக்க முடியாது. கோ-ஆப் வேறு விஷயம். நான்காம் பாகத்தில் கதை மிஷன்களைத் தவிர்த்து இருவர் சேர்ந்து ஆடலாம். ஐந்தாம் பாகம் முழுக் கதைக்கும் அதை விரித்தது, ஆனால் கதை முன்னேற்றம் அழைத்தவருக்கு மட்டுமே பதிவானது. விருந்தாளியாக வந்தவர் அத்தனை மணி நேரம் ஆடிவிட்டுத் தன் உலகத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. கோ-ஆப் இருக்கட்டும், இந்தக் குறையையாவது தீர்த்துவிட்டு வரட்டும்.

இந்த நான்கிலும் அடங்காத யோசனை ஒன்றும் 2023 முதல் உறுதிப்படுத்தப்படாத செய்தியாகப் பேசப்பட்டு வருகிறது: குறிப்பிட்ட கெடுவுக்குள் குடும்பத்தினரை மீட்க வேண்டும், கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும் என்ற கதையமைப்பு. பல ரசிகர்கள் இதைக் கேட்டதுமே முகம் சுளித்தார்கள். திறந்த உலகத்தில் கடிகாரம் எதற்கு என்பது அவர்கள் வாதம். எனக்கு இதில் அரை மனம்தான், ஆனால் முழுவதும் ஒதுக்கத் தோன்றவில்லை. நேரம் குறைகிறது என்பதால் ஒரு முகாமை விட்டுவிட்டுச் சுற்றிப் போவதா, உள்ளே புகுவதா என்று யோசிக்க வைத்தால் அது திட்டமிடலுக்கு உரம் சேர்க்கும். காவலர்களின் நடமாட்டத்தை நிதானமாகப் படிக்கவே விடாமல் விரட்டினால் அது மேலே சொன்ன பத்து நிமிடத்தைப் பறித்துவிடும். கடைசிவரை ஓடும் ஒரே கெடுவாக இல்லாமல், சில மிஷன்களுக்கு மட்டும் கெடு வைப்பது நடுவழியாக இருக்கும்.

ஆக, என் தேர்வு இரண்டாம் பாகத்தின் விதிகளை மூன்றாம் பாகத்தின் முகாம் வடிவத்தில் பொருத்துவது. இதை இரண்டு பாகத்தையும் கலந்து ஒப்பேற்றும் சமரசமாக நான் சொல்லவில்லை. இரண்டுக்கும் இடையே முன்னுரிமை உண்டு. முதலில் வர வேண்டியது, நம் திட்டத்தில் குறுக்கிடும் உலகம்: காற்றோடு பரவும் தீ, பராமரிக்காவிட்டால் சிக்கும் துப்பாக்கி, இறந்தால் திரும்பாத கூட்டாளிகள். அதற்குப் பிறகுதான் முகாம். மூன்றாம் பாகத்தில் டேக் செய்த எதிரிகள் சுவருக்குப் பின்னாலும் தெரிந்துகொண்டே இருந்தார்கள். அந்த வசதி திட்டத்தைக் குலையவே விடாத அளவுக்கு நம்மைப் பாதுகாத்தது. கண்ணில் படும் வரை மட்டும் குறியீடு இருக்கட்டும், சுவருக்குப் பின்னால் போனவன் எங்கே இருக்கிறான் என்பதை நாம்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிடித்த முகாம் நிரந்தரமாக நமக்கே என்ற மூன்றாம் பாகத்தின் தாராளமும் வேண்டாம், திரும்பிப் பார்ப்பதற்குள் ஆட்கள் முளைக்கும் இரண்டாம் பாகத்தின் கொடுமையும் வேண்டாம். நான்காம் பாகத்தில் எதிரிகள் முகாமைத் திரும்பக் கைப்பற்ற வந்தார்கள். அவர்கள் எந்தச் சாலை வழியாக வருகிறார்கள், அந்தச் சாலையை நாம் முன்பே அடைத்தால் வர முடியுமா என்பது வரை அந்த யோசனையை வளர்க்கலாம்.

நிலப்பரப்பு சுருங்க வேண்டும் என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஆறாம் பாகம் நடக்கும் யாரா என்ற தீவு நாட்டின் பரப்பு மிகப் பெரியது. ஆனால் ஒரு முகாமுக்கும் அடுத்ததற்கும் இடையே பெரும்பகுதி வெறும் பயணமாகவே கழிந்தது. இரண்டாம் பாகத்தில் பேருந்து நிலையங்களுக்கு இடையே மட்டுமே விரைவுப் பயணம் செய்யலாம் என்பதால் ஒவ்வொரு ஆற்றங்கரையும் குறுக்குவழியும் மனப்பாடமானது. வழி தெரிந்த இடத்தில்தான் நல்ல திட்டம் போட முடியும்.

கடுமை எல்லோருக்கும் கட்டாயமாக வேண்டுமா என்றால், வேண்டாம். துப்பாக்கி சிக்குவதையும் தீ பரவும் வேகத்தையும் தனித்தனியாக மட்டுப்படுத்தும் அமைப்புகளைக் கொடுக்கலாம். ஆனால் விளையாட்டை முதலில் கடினமான விதிகளோடு வடிவமைத்துவிட்டுப் பின்னர் தளர்த்த வேண்டும். எளிமையாக வடிவமைத்துவிட்டு எதிரிகளின் ரத்த அளவை மட்டும் கூட்டிக் கடினம் என்று பெயர் வைத்தால், ஆறாம் பாகத்தில் கண்ட அதே எண் கணக்கு மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எந்த நாட்டில் நடக்க வேண்டும், நாயகன் பேச வேண்டுமா என்ற விவாதங்களில் ரசிகர்கள் செலவிடும் ஆர்வம் எனக்குப் புரிகிறது, ஆனால் அவை முடிவைத் தீர்மானிக்கக்கூடியவை அல்ல. ஐந்தாம் பாகத்தின் பேசாத துணை ஷெரிஃபும் ஆறாம் பாகத்தின் பேசும் டானியும் முகாமுக்கு வெளியே ஒரே மாதிரிதான் படுத்துக் கிடந்தார்கள். கதை சொல்லும் காட்சிகளான கட்ஸீன்களை மட்டும் மறுபடி முதல் நபர் பார்வைக்குக் கொண்டுவந்தால் போதும்; வாஸ் நம் கண்ணைப் பார்த்துப் பேசியபோது ஏற்பட்ட அச்சம், டானியின் முகத்தை வெளியிலிருந்து பார்த்தபோது ஏற்படவில்லை.

அறிமுக வீடியோ வரும்போது வழக்கம்போல வில்லனின் முகமும் வசனமும்தான் முதலில் வரும், அதைப் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. அதன் பிறகு வரும் கேம்பிளே காட்சியில் எதிரியின் தலைக்கு மேல் எண் இருக்கிறதா, உயிர் அளவைக் காட்டும் ரத்தக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். புல் எரிகிறதா, எரிந்தால் காற்றின் திசையில் போகிறதா, சுட்டவரின் பக்கமே திரும்புகிறதா என்று பாருங்கள். காவலர்களின் உருவம் சுவரை ஊடுருவித் தெரிகிறதா, அடிபட்ட கூட்டாளி சில நொடியில் தானாக எழுந்துவிடுகிறாரா என்பதையும் கவனியுங்கள். ப்ரீ-ஆர்டர் செய்வதா, விமர்சனங்கள் வரும்வரை பொறுத்திருப்பதா என்பதை அந்தக் காட்சியை வைத்தே நான் முடிவு செய்வேன்.